பார்க்கும் உரிமை பாதுகாப்பு ஆகாது

மூலநிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருப்பதால் திறமூல மென்பொருள் தானாகவே பாதுகாப்பானது என்ற கருத்து மென்பொருள் துறையில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அமெரிக்க நிரலாளர் எரிக் ரேமண்ட் 1997-ல் முன்வைத்த ‘தி கதீட்ரல் அண்ட் தி பஜார்’ என்ற கட்டுரை அதற்கு ஒரு வாய்ப்பாட்டைக் கொடுத்தது. பார்க்கும் கண்கள் போதிய அளவு இருந்தால் எந்தப் பிழையும் ஒளிந்திருக்க முடியாது என்பது அதன் சாரம். லினக்ஸ் கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரால் ரேமண்ட் அதை ‘லினஸ் விதி’ என்று அழைத்தார். கல்லூரி வகுப்பறைகளிலும் நிறுவனங்களின் கொள்முதல் ஆலோசனைகளிலும் அரசுக் கொள்கை விவாதங்களிலும் இந்த விதி இன்றும் மறுகேள்வி இல்லாமல் எடுத்தாளப்படுகிறது.

இந்தக் கருத்து தவறு. திறந்த மூலநிரல் தருவது படித்துப் பார்க்கும் உரிமையை மட்டுமே. யாராவது அந்த உரிமையைக் கையாண்டு உழைத்தால்தான் பாதுகாப்பு பிறக்கிறது. பிறர் எழுதிய நிரலைப் படித்துப் புரிந்துகொள்வது, பிழையை இனங்காண்பது, திருத்துவது, திருத்தத்தைச் சோதித்து வெளியிடுவது எல்லாமே தேர்ச்சியும் நேரமும் கேட்கும் வேலைகள். அவற்றைச் செய்ய ஆள் இருக்கிறாரா, அவருக்கு ஊதியம் இருக்கிறதா என்ற கேள்வியை லினஸ் விதி எழுப்புவதே இல்லை. 2014 முதல் இணையத்தை உலுக்கிய பெரிய பாதுகாப்புச் சம்பவங்கள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே அதன் எல்லை தெரிந்துவிடும். ரேமண்ட் கவனித்தது 1990-களின் லினக்ஸ் வளர்ச்சியை. புதிய பதிப்பு அடிக்கடி வெளிவரும். பயனர்கள் அதை ஓட்டுவார்கள். எங்காவது முடங்கினால் உடனே எழுதுவார்கள். உலகின் ஏதோ ஒரு மூலையில் இருப்பவர் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வார். அந்தப் பிழைகள் தம்மைத் தாமே காட்டிக்கொள்பவை. கணினி நின்றுபோகும், கோப்பு கெடும், விடை தப்பாக வரும். பாதுகாப்பு ஓட்டை அப்படி எதையும் காட்டுவதில்லை. நேர்மையான பயனர் கொடுக்கும் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் நிரல் சரியாகவே நடந்துகொள்ளும். கெட்ட எண்ணத்தோடு ஒருவர் வித்தியாசமான உள்ளீட்டைக் கொடுக்கும்போதுதான் ஓட்டை திறக்கும். ஆகவே ஒரு மென்பொருளைப் பத்துக் கோடிப் பேர் பயன்படுத்தினாலும் ஓட்டையைத் தேடும் கண்கள் பத்துக் கோடியாகப் பெருகுவதில்லை. அவை பத்தாக இருக்கலாம், ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஓப்பன்எஸ்எஸ்எல் இதற்கு முதன்மையான சான்று. வங்கிப் பக்கம், மின்னஞ்சல், கட்டணப் பக்கம் என்று பிரவுசரில் பூட்டுக் குறி தெரியும் இடங்களில் பெரும்பகுதிக்குப் பின்னால் இயங்கிய மறையாக்க லைப்ரரி அது. 2012 மார்ச்சில் வெளிவந்த அதன் 1.0.1 பதிப்பில் ‘ஹார்ட்பீட்’ என்ற வசதி சேர்ந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு முனை சிறு செய்தியை அனுப்பும். செய்தியின் நீளத்தையும் கூடவே சொல்லும். மறுமுனை அதே செய்தியைத் திருப்பி அனுப்ப வேண்டும். சொல்லப்பட்ட நீளமும் உண்மையில் வந்த செய்தியின் நீளமும் பொருந்துகின்றனவா என்று நிரல் சரிபார்க்கவில்லை. ஓரிரு எழுத்துகளை அனுப்பிவிட்டு நீளம் 64 கிலோபைட் என்று சொன்னால், சர்வர் தன் நினைவகத்தில் அதையடுத்து இருந்தவற்றையும் சேர்த்து அனுப்பிவிடும். அதில் கடவுச்சொல் இருக்கலாம், மறையாக்கச் சாவிகூட இருக்கலாம். ‘ஹார்ட்பிளீட்’ என்று பெயர்பெற்ற இந்தப் பிழை 2014 ஏப்ரல் 7 அன்று வெளியுலகுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகும் கனடாவின் வருவாய் முகமையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இந்த வழியாகத் திருடப்பட்டன.

நீளத்தைச் சரிபார்க்காமல் விடுவது சி மொழி கற்பிக்கும் எந்த ஆசிரியரும் முதல் ஆண்டிலேயே எச்சரிக்கும் தவறு. அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உலகின் கண்முன்னே கிடந்தது. எழுதியவரைத் தவிர, சேர்ப்பதற்கு முன் பார்த்தவர் குழுவில் ஒருவர். அதை நம்பியிருந்த நிறுவனங்களில் கூகுளும் பேஸ்புக்கும் யாகூவும் அடக்கம். அப்போது ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு நேரடி நன்கொடையாக ஆண்டுக்கு வந்துகொண்டிருந்தது சுமார் 2,000 டாலர். அதில் முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். உலக வணிகத்தின் பூட்டுக்கு உலகம் கொடுத்த பராமரிப்புச் செலவு அவ்வளவுதான். கண்கள் இல்லாமல் போனதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஹார்ட்பிளீட் ஒரு விதிவிலக்கு என்று தள்ளவும் முடியாது. அதே 2014 செப்டம்பரில் வெளிப்பட்ட ‘ஷெல்ஷாக்’ பிழை, பயனர் தட்டும் கட்டளைகளை இயக்கும் பாஷ் மென்பொருளில் 1989 முதல் இருந்தது, கால் நூற்றாண்டு. லினக்ஸ் கணினிகளில் சாதாரணப் பயனரை நிர்வாகியாக மாற்றிவிடக்கூடிய ‘பிகேஎக்செக்’ ஓட்டை 2009-ல் நுழைந்து 2022 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. இடையில் 2013-ல் ஒரு நிரலாளர் அதே இடத்தில் உள்ள விசித்திரமான நடத்தையைக் கவனித்துப் பொதுவெளியில் எழுதியும் இருந்தார். கண் பட்டது, அதைத் தொடர்ந்து ஆராய்ந்து திருத்துவது யாருடைய பொறுப்பாகவும் இல்லாததால் ஓட்டை மேலும் எட்டு ஆண்டுகள் இருந்தது.

‘லாக்4ஜே’ கதை இன்னும் கசப்பானது. ஜாவா நிரல்கள் தம் நடவடிக்கைகளைக் குறித்துவைக்க உதவும் இந்த லைப்ரரியில், குறிப்பில் வரும் ஒரு குறிப்பிட்ட வடிவச் சொற்றொடரைக் கண்டால் வெளிச் சர்வரைத் தொடர்புகொண்டு தகவல் பெறும் வசதி 2013-ல் சேர்க்கப்பட்டது. தாக்குபவர் அரட்டைப் பெட்டியிலோ பயனர்பெயரிலோ அந்தச் சொற்றொடரை எழுதினால் போதும், தன் நிரலைச் சர்வரில் ஓட்டிவிடலாம். இந்த வகைத் தாக்குதல் எப்படி நடக்கும் என்று 2016-ல் பிளாக் ஹேட் பாதுகாப்பு மாநாட்டிலேயே ஓர் உரை விளக்கியது. அதற்குப் பின் 5 ஆண்டுகள் லாக்4ஜேயோடு அதைப் பொருத்திப் பார்த்து எச்சரித்தவர் இல்லை. 2021 நவம்பர் இறுதியில் அலிபாபா கிளவுட் பொறியாளர் ஒருவர் தெரிவித்த பிறகே, தங்கள் சொந்த நேரத்தில் அதைப் பேணிவந்த தன்னார்வலர்கள் டிசம்பர் முழுவதும் இரவு பகலாகத் திருத்தங்களை வெளியிட்டார்கள். அதைப் பயன்படுத்திய பெருநிறுவனங்களுக்குத் தங்கள் மென்பொருளில் லாக்4ஜே எங்கெங்கே இருக்கிறது என்பதே அந்த மாதம்தான் தெரிய வந்தது.

லினஸ் விதியை ஆதரிப்பவர்கள் இதற்குச் சொல்லும் பதில், ‘கடைசியில் எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டனவே’ என்பது. பாதுகாப்பில் காலம்தான் முதல் அளவுகோல். 12 ஆண்டுகள் திறந்திருந்த வாசலை இப்போது அடைத்துவிட்டோம் என்பது அந்த 12 ஆண்டுகளில் யார் உள்ளே வந்துபோனார் என்பதற்குப் பதில் தராது. நல்லவர் கண்டுபிடித்தவையே கணக்கில் வருகின்றன. கெட்டவர் கண்டுபிடித்து வெளியே சொல்லாமல் வைத்திருப்பவை எந்தப் பட்டியலிலும் இல்லை.

2024-ல் வெளிப்பட்ட ‘எக்ஸ்இசட்’ விவகாரம் இந்த வாதத்தைத் தீர்த்துவைத்திருக்க வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் பல ஆண்டுகளாக அதைத் தனி ஆளாகப் பேணிவந்தார். 2021-ன் பிற்பகுதியில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் சிறு சிறு திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022-ல் வேறு சில பெயர்களில் காலினுக்கு மின்னஞ்சல்கள் வந்தன: வேலை மெதுவாக நடக்கிறது, திட்டத்தை வேறு ஒருவரிடம் ஒப்படையுங்கள் என்று வற்புறுத்தல். நீண்ட நாள் மனநலச் சிக்கலால் தன்னால் முன்புபோல் உழைக்க முடியவில்லை என்றும், இது ஊதியம் இல்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்றும் காலின் பொதுவெளியிலேயே பதில் எழுதினார். அந்தப் பதில் எவரும் படிக்கும்படி திறந்தே இருந்தது. கைகொடுக்க வந்தவர் ஜியா டான் மட்டுமே. அடுத்த ஆண்டுக்குள் வெளியீடுகளைத் தயாரிக்கும் அதிகாரம் அவரிடம் வந்துசேர்ந்தது.

2024 பிப்ரவரி 24 அன்று வந்த 5.6.0 பதிப்பிலும் மார்ச்சில் வந்த 5.6.1 பதிப்பிலும் ஒரு பின்கதவு இருந்தது. அது வைக்கப்பட்ட விதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தீய நிரல், சோதனைக்கான கெட்டுப்போன கோப்புகள் என்ற பெயரில் படிக்க முடியாத வடிவில் சேர்க்கப்பட்டது. அதைப் பிரித்தெடுத்து மென்பொருளோடு இணைக்கும் தொடக்கக் கட்டளை, எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று தனியாகத் தயாரித்த தொகுப்பில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தை வரி வரியாகப் படித்தவர்கூட அதைக் கண்டிருக்க முடியாது. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையோடு இந்த லைப்ரரி சுற்றுவழியில் இணைவதைத் தாக்குபவர் பயன்படுத்திக்கொண்டார். தனிச் சாவி வைத்திருப்பவர் எந்தச் சர்வரிலும் தன் கட்டளையை ஓட்ட முடியும் என்பது திட்டம்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். டெபியனின் நிலையற்ற (அன்ஸ்டேபிள்) பதிப்பில் தன் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் நுழைவு முயற்சிகள் வழக்கத்துக்கு மாறாகச் செயலியின் நேரத்தைத் தின்பதைக் கவனித்தார். சுமார் 0.3 விநாடியில் முடிய வேண்டியது 0.8 விநாடி எடுத்தது. சில வாரங்களுக்கு முன் வேறொரு சோதனையில் கண்ட எச்சரிக்கையும் அவர் நினைவுக்கு வந்தது. நூல் பிடித்துப் போனவர் மார்ச் 29 அன்று முழு விவரத்தையும் வெளியிட்டார். பெரிய லினக்ஸ் வகைகளின் நிலையான பதிப்புகளுக்குள் நுழைவதற்குச் சில வாரங்களுக்கு முன் பின்கதவு அகற்றப்பட்டது.

‘பார்த்தீர்களா, திறமூலம் வேலை செய்தது’ என்ற முழக்கம் அந்த வாரமே எழுந்தது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் ஃபிராயிண்டால் காரணத்தின் வேர்வரை போக முடிந்தது என்பது உண்மை. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவரை அங்கே அழைத்துச் சென்றது நிரலைப் படித்த கண் இல்லை. அரை விநாடித் தாமதம். தாக்குபவரின் நிரல் இன்னும் சற்று வேகமாக ஓடியிருந்தால், அந்த அளவீட்டை வேறு பதிப்பில் செய்திருந்தால், அளந்தவர் அவ்வளவு விடாப்பிடியாக இல்லாதிருந்தால், உலகின் சர்வர்களில் பெரும்பகுதி ஒருவர் கைக்குள் போயிருக்கும். ஒரு மனிதரின் கூர்மையும் நற்பேறும் சேர்ந்து காப்பாற்றியதை ஓர் அமைப்பின் வெற்றி என்று எழுதுவது, அடுத்த தாக்குதலுக்கு வழிவிடுவது. மேலும், தாக்குதல் எந்தப் பிளவில் நுழைந்தது என்பதை அந்த முழக்கம் மறைக்கிறது. நுழைந்த இடம், களைத்துப்போன, துணையற்ற, ஊதியமில்லாத ஒரு பராமரிப்பாளர்.

இதிலிருந்து மூடிய மென்பொருளே மேல் என்ற முடிவுக்குத் தாவுவது இன்னொரு தவறு. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் தாக்குதலில், மூடிய மென்பொருள் ஒன்றின் அதிகாரபூர்வ அப்டேட்டிலேயே பின்கதவு சேர்க்கப்பட்டு ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கி விமானங்களையும் மருத்துவமனைகளையும் நிறுத்தியது; அதுவும் மூடிய மென்பொருள்தான். மூடிய நிரலில் வெளியார் பார்க்கவே வழியில்லை. திறந்த நிரலில் வழி உண்டு, அந்த வழியில் நடக்க ஆள் வேண்டும். திறப்பு தேவையான நிபந்தனை. அது போதுமான நிபந்தனை என்று சொல்வதே இங்கே மறுக்கப்படுகிறது.

தன்னார்வம்தான் திறமூலத்தின் உயிர், பணம் வந்தால் அது கெடும் என்ற வாதமும் உண்டு. புதிதாக ஒன்றைப் படைக்கும் ஆர்வத்துக்கு இது பொருந்தலாம். பத்தாம் ஆண்டிலும் பிழைக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலைக்குப் பொருந்தாது. லினஸ் விதிக்குப் பெயர் கொடுத்த லினக்ஸ் கெர்னலே இதற்குச் சாட்சி: அதில் இன்று சேரும் மாற்றங்களில் மிகப் பெரும்பகுதி இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்கும் நிரலாளர்கள் எழுதுவது. கெர்னல் நன்றாக இருப்பது கண்கள் திறந்திருப்பதால் மட்டும் இல்லை, அந்தக் கண்களுக்கு ஊதியம் கிடைப்பதால். ஊதியம் இல்லாத இடத்தில் நடப்பதை 2025 நவம்பர் காட்டியது. சர்வர் கூட்டங்களில் மென்பொருள்களை இயக்கி நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ் அமைப்புகளில் மிகப் பரவலாகப் பயன்பட்ட ‘இன்கிரெஸ் என்ஜின்எக்ஸ்’ 2026 மார்ச்சோடு கைவிடப்படும் என்று அதன் குழு அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் ஓரிருவர் மட்டும் அலுவலக நேரத்துக்குப் பிறகும் வார இறுதியிலும் அதைத் தாங்கிவந்தார்கள். உதவி கேட்டும் ஆள் வரவில்லை.

பணம் இல்லாததால் இந்த நிலை என்றும் சொல்ல முடியாது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பரவலாகப் பயன்படும் திறமூல மென்பொருள்களை ஒரு முறை புதிதாக எழுத ஆகும் செலவு சுமார் 415 கோடி டாலர். அவை இல்லாமல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று எழுதிக்கொள்வதாக இருந்தால் ஆகும் செலவு 8.8 லட்சம் கோடி டாலர். அந்த மதிப்பில் 96 சதவீதத்தை உருவாக்குபவர்கள் நிரலாளர்களில் வெறும் 5 சதவீதம் பேர். ஊர்ப் பொதுக் கிணற்றில் எல்லோரும் நீர் இறைக்கிறார்கள். தூர்வாருவது மட்டும் யாரோ சிலர் தலையில் விழுகிறது.

விதியின் புதிய வடிவம் ஒன்று இப்போது பரவுகிறது: மனிதக் கண்கள் போதாவிட்டால் செயற்கை நுண்ணறிவின் கண்கள் பார்த்துக்கொள்ளும் என்பது. இயந்திரங்கள் உண்மையிலேயே பிழைகளைக் கண்டுபிடிக்கின்றன. கூகுளின் ‘பிக் ஸ்லீப்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி, வீடியோக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக்கில் ஒரு பிழையைக் கண்டது. 1995-ல் வந்த ஒரு வீடியோ கேமின் கோப்பு வகையைப் படிக்கும் பகுதியில் அது இருந்தது. கண்டுபிடிப்பவர்கள் திருத்தத்தையும் அனுப்ப வேண்டும், இல்லையேல் நிதி தர வேண்டும் என்று எஃப்எஃப்எம்பெக் தன்னார்வலர்கள் 2025-ல் வெளிப்படையாகக் கேட்டார்கள். அதே ஆண்டு ஜூனில், எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்க உதவுவதும் பெருநிறுவனங்களின் தயாரிப்புகளுக்குள் இருப்பதுமான லிப்எக்ஸ்எம்எல்2 லைப்ரரியின் பராமரிப்பாளர், பாதுகாப்புப் பிழைகளுக்கு இனி ரகசியக் கெடுவோ தனிச் சலுகையோ இல்லை, மற்றப் பிழைகளைப் போலவே பார்ப்பேன் என்று அறிவித்தார். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க், இயந்திரம் எழுதித் தள்ளும் போலிப் பிழையறிக்கைகளைப் படித்துப் படித்து ஓய்ந்து, பிழை கண்டவர்களுக்கான பணப்பரிசுத் திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்தினார். கண்கள் பெருகியிருக்கின்றன, கைகள் பெருகவில்லை. கையில்லாத இடத்தில் கண்கள் பெருகினால் பராமரிப்பாளரின் சுமைதான் ஏறுகிறது.

ஊதியம் வந்தால் நிலைமை மாறும் என்பதற்கும் சான்று உண்டு. ஹார்ட்பிளீட்டுக்குப் பிறகு லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெருநிறுவனங்களிடம் நிதி திரட்டி ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேர நிரலாளர்களை அமர்த்தியது. நிரல் தணிக்கைக்கு உட்பட்டது, வெளியீட்டுக்கும் பாதுகாப்புப் பிழைகளுக்கும் எழுதப்பட்ட விதிமுறைகள் வந்தன. ஜெர்மனி 2022-ல் அரசுப் பணத்தில் ‘சாவரின் டெக் ஃபண்ட்’ தொடங்கி, கர்ல், லாக்4ஜே, எஃப்எஃப்எம்பெக் போன்றவற்றின் பராமரிப்புக்குப் பணம் கொடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, அதன் பெரும்பகுதி 2027 டிசம்பர் முதல் பொருந்தும். வணிகத் தயாரிப்பில் திறமூலக் கூறுகளைச் சேர்க்கும் நிறுவனமே அவற்றின் பாதுகாப்பை உறுதிசெய்ய வேண்டும், அங்கே பிழை கண்டால் பராமரிப்பாளருக்குத் தெரிவித்துத் தன் திருத்தத்தையும் பகிர வேண்டும் என்று அது சொல்கிறது. பொறுப்பைச் சரியான தோளில் ஏற்றும் ஏற்பாடு இது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. அரசுப் பணிகளில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-ல் வெளியிட்டது. மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், எக்ஸ்இசட் பின்கதவு குறிவைத்த டெபியனை அடித்தளமாகக் கொண்டது. மேலே யார் பெயர் இருந்தாலும் கீழே இருப்பவை அதே லைப்ரரிகள், அவற்றைப் பேணுபவர்கள் அதே சிலர். உரிமக் கட்டணம் மிச்சமாகிறது என்பதற்காகத் திறமூலத்தைத் தேர்ந்தெடுக்கும் அரசும் நிறுவனமும், மிச்சமான தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்குத் திருப்ப வேண்டும்.

பயன்படுத்துபவரின் கடமைகள் தெளிவானவை. தன் மென்பொருளுக்குள் என்னென்ன கூறுகள் இருக்கின்றன என்ற பட்டியலை வைத்திருக்க வேண்டும். திருத்தம் வந்தவுடன் நிறுவ வேண்டும்: 2017 மார்ச்சிலேயே ஸ்ட்ரட்ஸ் என்ற திறமூலக் கூறுக்குத் திருத்தம் வந்திருந்தும் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் அதை எல்லா இடத்திலும் நிறுவாததால்தான் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. எந்தக் கூறு ஒரே ஆளை நம்பி நிற்கிறது என்று அறிந்து, அங்கே நிதியோ நிரலாளரோ அனுப்ப வேண்டும். களஞ்சியத்தில் இருப்பதும் வெளியீட்டில் இருப்பதும் ஒன்றே என்று சரிபார்க்கும் வசதிகளை வளர்க்கப் பணம் ஒதுக்க வேண்டும். இவை எதையும் செய்யாமல், நிரல் திறந்திருக்கிறது, யாராவது பார்த்திருப்பார்கள் என்று இருந்துவிடும் நிறுவனம் தன் வாடிக்கையாளரின் பாதுகாப்பை முகம் தெரியாத ஒருவரின் ஓய்வு நேரத்திடம் ஒப்படைத்திருக்கிறது. அந்த ஒருவர் தளர்ந்தால் வரும் விளைவுக்கும் அந்த நிறுவனமே பொறுப்பு.